முப்பது கனமீட்டர் காற்று

ஜெர்மனியின் இன்றைய கட்டடக்கலையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தோற்றத்திலிருந்தே தொடங்குகிறார்கள். அலங்காரம் இல்லாத வெள்ளைச் சுவர், மெல்லிய எஃகுச் சட்டம், தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி, நாலைந்து சாமான்களுக்கு மேல் இல்லாத அறை என்று ஒரு பட்டியல் உடனே வந்துவிடும். பௌஹவுஸ் பள்ளி 1920களில் போட்ட அச்சிலிருந்தே எல்லாம் வார்க்கப்பட்டன என்று முடித்துவிடுவார்கள். இதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் கடந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் அந்த நாட்டின் வீடும் அலுவலகமும் பொதுக் கட்டடமும் ஏன் இப்படி மாறின என்ற கேள்விக்கு இதில் விடை கிடைக்காது. சுவர் எவ்வளவு தடிமன், சன்னல் எவ்வளவு அகலம், கூரை எவ்வளவு உயரம், சோபாவை எங்கே போடலாம் என்பது வரை தீர்மானித்தது வெப்பமும் காற்றும் சேர்ந்த ஒரு கணக்கு. அதைச் சுவரிலேயே தீர்த்துக்கொண்ட கட்டடங்கள் நிம்மதியாக நிற்கின்றன. எந்திரத்தின் தலையில் கட்டிவிட்டவற்றில் பல அல்லல்படுகின்றன என்பது என் வாதம். அந்தக் கணக்கில், எதால் வகுக்கிறோம் என்பதிலேயே ஒரு கோளாறும் இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

பௌஹவுஸிலிருந்தே தொடங்கலாம். வால்டர் குரோப்பியஸ் வடிவமைத்து 1926இல் டெஸ்ஸாவில் திறக்கப்பட்ட பள்ளியின் பட்டறைப் பகுதிக்கு முகம் முழுக்கக் கண்ணாடி. படத்தில் அது இன்றும் புதிதாகத்தான் தெரிகிறது. உள்ளே வேலை பார்த்தவர்களுக்கோ கோடையில் வெக்கை, குளிர்காலத்தில் நடுக்கம். ஒரு சதுர மீட்டர் பரப்பின் வழியாக, உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருக்கும்போது எத்தனை வாட் வெப்பம் கடந்து போகிறது என்பதைக் கட்டடப் பொறியாளர்கள் யு-மதிப்பு என்கிறார்கள். ஒற்றைக் கண்ணாடிக்கு அது 5.8 அளவில் இருக்கும். வெளியே மைனஸ் 10, உள்ளே 20 டிகிரி என்றால் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஏறத்தாழ 174 வாட் வெளியேறிவிடும். கண்ணாடியின் உட்பக்கமே உறைநிலைக்குக் கீழே, மைனஸ் 3 டிகிரி வரை இறங்கும். பழைய ஜெர்மன் வீடுகளின் சன்னல்களில் பனி பூப்பூவாகப் படிந்தது இதனால்தான். அறைக்காற்று இருபது டிகிரியில் இருந்தாலும் அப்படிப்பட்ட கண்ணாடியின் பக்கத்தில் உட்கார முடியாது. நம் உடம்பிலிருந்து கதிர்வீச்சாகப் போகும் வெப்பத்தைக் கண்ணாடி வாங்கிக்கொண்டே இருக்கும். அதை ஒட்டிக் குளிர்ந்த காற்று கீழே வழிந்து பாதத்தைத் தொடும். ஐரோப்பிய வீடுகளில் ரேடியேட்டரைச் சன்னலுக்கு அடியிலேயே பொருத்தியது அந்தக் குளிர்ந்த காற்றைத் தடுக்கத்தான். அறையின் சாமான்கள் எல்லாம் அந்த இரும்புப் பெட்டிக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றன.

எண்ணெய் மலிவாக இருந்த காலம் வரை இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, கூடுதலாக எரித்தார்கள். 1973இன் எண்ணெய் நெருக்கடி அந்தச் சௌகரியத்தை முடித்துவைத்தது. மேற்கு ஜெர்மனியில் 1977இல் முதல் வெப்பக்காப்பு விதிகள் வந்தன. கட்டடத்திலிருந்து வெப்பம் கசிவதற்குச் சட்டம் ஓர் எல்லை போட்டது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு திருத்தமும் அந்த எல்லையை இறுக்கியது. இறுக்கிக்கொண்டே போனால் எங்கே போய் முடியும் என்று கேட்டவர் வோல்ஃப்காங் ஃபைஸ்ட் என்ற இயற்பியலாளர். சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் போ ஆடம்சனோடு 1988இல் நடத்திய உரையாடல்களில் இந்தக் கேள்வி உருப்பெற்றது. டார்ம்ஸ்டாட் நகரின் கிரானிக்‌ஸ்டைன் பகுதியில் கட்டி 1991இல் குடியேறிய நான்கு வரிசை வீடுகள் அதற்குச் சொன்ன பதில். பாசிவ்ஹவுஸ் என்று உலகம் இன்று அழைப்பது அந்த வீடுகளிலிருந்து பிறந்த தரநிலையைத்தான்.

அந்தத் தரநிலையின் எண்களைப் பலர் மந்திரம்போல் ஒப்பிக்கிறார்கள். அவை எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் மந்திரம் ஒன்றும் இல்லை. முதலில் 1858க்குப் போக வேண்டும். மியூனிக்கில் சுகாதாரவியலுக்கு அடித்தளம் போட்ட மாக்ஸ் ஃபொன் பெட்டன்கோஃபர், அறைக்காற்று கெட்டுப்போனதா என்று அறிய கரியமில வாயுவை அளந்தால் போதும் என்று காட்டினார். அந்த வாயு அந்த அளவில் ஆளைக் கொல்லாது. ஆனால் மனிதர் விடும் மற்ற எல்லா அசுத்தமும் அதோடு சேர்ந்தே கூடும் என்பதால் அது நல்ல அடையாளம். காற்றில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற எல்லையை அவர் வைத்தார். ஜெர்மன் பொறியாளர்கள் அதை இன்றும் அவர் பெயராலேயே குறிப்பிடுகிறார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள் மணிக்குச் சுமார் 18 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறார். மணிக்கு 30 கனமீட்டர் புதுக்காற்று கொடுத்தால் அது பத்து லட்சத்தில் 600 பங்காகக் கலக்கும். வெளிக்காற்றில் ஏற்கெனவே இருக்கும் நானூற்றுச் சொச்சத்தைக் கூட்டினால் பெட்டன்கோஃபரின் கோட்டிலேயே வந்து நிற்கிறோம். ஆளுக்கு மணிக்கு 30 கனமீட்டர் என்ற இந்த அளவில்தான் ஃபைஸ்டின் யோசனை காலூன்றுகிறது.

எப்படியும் இந்தக் காற்றை உள்ளே கொண்டுவரத்தானே வேண்டும்? அந்தக் காற்றே வீட்டையும் சூடாக்கிவிட்டால் கொதிகலன், குழாய்கள், ரேடியேட்டர் என்ற முழு அமைப்பையும் தூக்கிவிடலாமே என்பதுதான் யோசனை. காற்றை அளவுக்கு மீறிச் சூடாக்கினால் தூசி கருகி நாற்றம் வரும். ஆகவே ஏறக்குறைய 50 டிகிரிதான் உச்சம். அறையின் 20 டிகிரிக்கு மேல் அது 30 டிகிரி கூடுதல். ஒரு கனமீட்டர் காற்றை ஒரு டிகிரி சூடேற்ற 0.33 வாட்மணி வேண்டும். முப்பதை முப்பதால் பெருக்கி 0.33ஆல் பெருக்கினால் ஓர் ஆளின் பங்குக் காற்று சுமக்கக்கூடிய வெப்பம் சுமார் 300 வாட். ஓர் ஆளுக்கு 30 சதுர மீட்டர் வசிப்பிடம் என்று வைத்தால் சதுர மீட்டருக்கு 10 வாட். மிகக் குளிரான நாளிலும் வீடு அதற்கு மேல் வெப்பம் கேட்கக் கூடாது. இருபது சதுர மீட்டர் கூடத்தைச் சூடாக வைத்திருக்க அந்தக்காலத்து நூறு வாட் குண்டு பல்பு இரண்டு எரிந்தால் போதும் என்று ஆகிறது. மத்திய ஐரோப்பியக் குளிர்காலம் முழுவதற்கும் இதைக் கணக்கிட்டால் சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 15 கிலோவாட்மணி என்ற புகழ்பெற்ற எண்ணுக்கு வந்துசேர்வோம். ஆளுக்கு 30 சதுர மீட்டர் என்று இடையில் ஓர் ஊகம் நுழைந்ததை வாசகர் குறித்து வைத்துக்கொள்ளவும்.

இந்த எண்ணை எட்ட கிரானிக்‌ஸ்டைனில் சுவருக்கு வெளியே 27.5 சென்டிமீட்டர் காப்புப் பலகை ஒட்டினார்கள்; கூரையில் அதைவிடத் தடிமனான காப்பு. சுவரின் யு-மதிப்பு 0.14க்கு வந்தது. மூன்று அடுக்குக் கண்ணாடியில் இடைவெளிகளை அரிய வாயுவால் நிரப்பியதில் கண்ணாடியின் மதிப்பு 0.7. வெளியேறும் காற்றின் வெப்பத்தை உள்ளே வரும் காற்றுக்கு மாற்றிக்கொடுக்க ஒரு வெப்பப்பரிமாற்றி வைத்தார்கள். இரண்டு காற்றும் கலக்காது, வெப்பம் மட்டும் கைமாறும். வாசலில் விசிறி வைத்து 50 பாஸ்கல் அழுத்த வித்தியாசத்தை உண்டாக்கும் சோதனையில், மணிக்கு வீட்டுக் காற்றின் 0.6 மடங்குக்கு மேல் விரிசல்கள் வழியே கசியக் கூடாது என்பது இந்தத் தரநிலையின் இன்னொரு எல்லை. இருபத்தைந்து ஆண்டு கழித்து அந்த வீடுகளை மறுபடி அளந்தபோது காப்பும் காற்றுப்புகாமையும் அப்படியே இருந்தன. காகிதத்தில் ஓடும் கணக்கு கட்டடத்தில் ஓடுமா என்று கேட்டவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் தேவையில்லை.

வீட்டைப் புட்டிபோல மூடி வைத்தால் அது எப்படிச் சுவாசிக்கும் என்ற ஆட்சேபம் ஜெர்மனியில் இன்னும் ஓயவில்லை. சுவர் சுவாசிக்க வேண்டும் என்பது அங்கே ஏறக்குறைய ஒரு நாட்டு நம்பிக்கை. வேடிக்கை என்னவென்றால் அந்த நம்பிக்கைக்கு அறிவியல் முத்திரை குத்தியவரும் அதே பெட்டன்கோஃபர்தான். அறையின் இடுக்குகளை எல்லாம் ஒட்டிவிட்ட பிறகும் காற்று மாறுவதை அளந்த அவர், செங்கல் வழியாகத்தான் அது போகிறது என்று முடிவு கட்டினார். பூச்சு பூசிய சுவர் வழியே அப்படிக் குறிப்பிடத்தக்க காற்று எதுவும் போவதில்லை என்று 20ஆம் நூற்றாண்டின் அளவீடுகள் காட்டிவிட்டன. பழைய வீடுகள் சுவாசித்தது கதவிடுக்கிலும் சன்னல் சந்திலும்தான். அந்தச் சுவாசத்தை நம்ப முடியாது. காற்று பலமாக அடிக்கும் நாளில் அது தேவைக்கு மேல் வரும், அசையாத நாளில் வரவே வராது. போதாக்குறைக்கு, சமையலிலும் குளியலிலும் ஈரமான உள்காற்று சந்துகள் வழியாகச் சுவருக்குள் புகுந்து குளிர்ந்த இடத்தில் நீராகிப் பூஞ்சைக்கு இடம் கொடுக்கும். பாசிவ்ஹவுஸில் சன்னலைத் திறக்கக் கூடாது என்று ஒரு வதந்தியும் உண்டு. தாராளமாகத் திறக்கலாம், திறந்தே ஆகவேண்டிய கட்டாயம்தான் இல்லை.

இந்த மாற்றம் அறைக்குள் செய்தது இன்னும் சுவையானது. 0.7 மதிப்புள்ள கண்ணாடியின் உட்பக்கம், வெளியே மைனஸ் 10 இருக்கும்போதும் 17 டிகிரிக்குக் குறையாது. குளிர்ந்த காற்று வழிவது நின்றுவிட்டது. ரேடியேட்டருக்குச் சன்னலடியில் வேலை போனது. சன்னல் திட்டில் மெத்தை போட்டு உட்காரலாம். எழுதும் மேசையைக் கண்ணாடியோடு ஒட்டிப் போடலாம். தரை வரை இறங்கும் சன்னல் வைக்கலாம். இன்றைய ஜெர்மன் உட்புற வடிவமைப்பில் சன்னலோரம் வாழும் இடமாக மாறியதை ரசனையின் மாற்றம் என்று பத்திரிகைகள் எழுதும். கண்ணாடியின் உட்பக்கம் இருபது டிகிரி ஏறாமல் போயிருந்தால் அந்த ரசனைக்கு இடுப்புவலிதான் மிஞ்சியிருக்கும்.

அதே ஆண்டுகளில் இன்னொரு வழியும் பிறந்தது: கண்ணாடியை விடாமல், அதனால் வரும் சிக்கலைப் பொறியியலால் வெல்வது. பிராங்க்ஃபர்ட்டில் 1997இல் முடிந்த காமர்ஸ்பாங்க் கோபுரத்தை வடிவமைத்தவர் பிரிட்டனின் நார்மன் ஃபாஸ்டர். ஆனால் அதன் உருவத்தில் ஜெர்மன் எதிர்பார்ப்பு தெரிகிறது. பணியிடத்திலிருந்து வெளியே பார்க்க வழி வேண்டும் என்பது அங்கே தொழிலாளர் பாதுகாப்பு விதிகளிலேயே உண்டு. அறை 30 டிகிரியைத் தாண்டினால் முதலாளி ஏதாவது செய்ய வேண்டும், 35ஐத் தாண்டினால் அது வேலை செய்யத் தக்க அறையே இல்லை என்றும் விதி போகிறது. ஆகவே 259 மீட்டர் உயரக் கோபுரத்திலும் திறக்கக்கூடிய சன்னல்கள், நான்கு தளத்துக்கு ஒரு தோட்டம், நடுவில் காற்று ஏறிப்போகும் கூடம். பான் நகரில் ஹெல்முட் யான் வடிவமைத்து 2002இல் எழுந்த அஞ்சல் கோபுரம் இரட்டைக் கண்ணாடித் தோல் போர்த்திக்கொண்டது. இரண்டு தோலுக்கும் இடையிலுள்ள வெளி, காற்றை வாங்கி விடும் நுரையீரல். ஸ்டுட்கார்ட்டில் பொறியாளர் வெர்னர் சோபெக் 2000இல் தனக்காகக் கட்டிய நான்கு தள வீட்டுக்கு நாற்புறமும் மூன்றடுக்குக் கண்ணாடி. ஒவ்வொரு பாகத்தையும் கழற்றி மறுபடி பயன்படுத்தலாம். இவை அசாத்தியமான படைப்புகள். பெர்லின் நாடாளுமன்றத்தின் மாடத்தை இவற்றில் தலையாயது என்பேன். 1999இல் திறந்த அந்தக் கண்ணாடிக் குடையின் நடுவே 360 கண்ணாடித் தகடுகள் பதித்த கூம்பு, வெளிச்சத்தை அவைக்குள் இறக்குகிறது; அதே கூம்பின் வழியாகத்தான் அவையின் சூடான காற்று மேலேறி வெளியேறுகிறது. கோடையில் மிஞ்சும் வெப்பத்தை ஏறத்தாழ 300 மீட்டர் ஆழத்து நிலத்தடி நீரில் சேமித்துக் குளிர்காலத்தில் எடுக்கிறார்கள். வெளிச்சமும் காற்றும் ஒரே உறுப்பால் நடப்பதால் அங்கே தொழில்நுட்பம் பாரமாகத் தெரிவதில்லை.

ஆனால் எல்லாரும் ஃபாஸ்டர் இல்லை. எல்லா உரிமையாளரிடமும் நாடாளுமன்றத்தின் பராமரிப்புப் பணமும் இல்லை. உணரி, மோட்டார், தடுப்பிதழ், மென்பொருள் என்று ஒன்றின்மேல் ஒன்று ஏறியபோது, கட்டடம் நூறாண்டு நிற்கும், அதற்குள் இருக்கும் எந்திரம் இருபது ஆண்டில் காலாவதியாகும் என்ற முரண் தலைதூக்கியது. இதன் உச்சம் பெர்லினின் புதிய விமான நிலையம். புகை இயல்பாக மேலே போகும். அங்கே கூரையின் தோற்றம் கெடக் கூடாது என்று புகையைக் கீழே இழுத்து நிலத்தடி வழியாக வெளியேற்ற ஏற்பாடு செய்தார்கள். 2012 ஜூனில் நடக்க இருந்த திறப்பு விழா சில வாரங்களுக்கு முன்பு ரத்தானது. நிலையம் திறந்தது 2020 அக்டோபர் 31 அன்று. தாமதத்துக்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும் தீப்பாதுகாப்பு அமைப்பின் சிக்கலே முதற்காரணம். மிதவை விசைக்கு எதிராக வடிவமைத்தால் அது எட்டு ஆண்டு பழிவாங்கும்.

வீடுகளிலும் கணக்குக்கும் வாழ்க்கைக்கும் இடையே ஒரு விரிசல் தெரிந்தது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மின்னா சுனிக்கா-பிளாங்க், ரே கால்வின் இருவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வு, 3,400 ஜெர்மன் வீடுகளின் தரவைப் பார்த்தது. குடியிருப்போர், கணக்கு சொல்வதைவிடச் சராசரியாக 30 சதவீதம் குறைவாக எரித்தார்கள்; காப்பு இல்லாத பழைய வீடுகளில் இந்த இடைவெளி இன்னும் பெரிது. ஒரே அறையைச் சூடாக்கி, மீதியில் கம்பளி போர்த்திச் சமாளித்தார்கள். சிக்கனமான புது வீடுகளிலோ போக்கு தலைகீழ். எல்லா அறையும் எப்போதும் கதகதப்பு, கணக்கைவிடக் கூடுதல் செலவு. ஆகவே பழைய வீட்டைப் புதுப்பித்தால் இவ்வளவு மிச்சம் என்று காகிதம் கொடுக்கும் வாக்குறுதி, மிச்சமாக இல்லாததையும் மிச்சமாக எண்ணிவிடுகிறது. இயற்பியல் பிழையாகிவிட்டது என்று இதற்குப் பொருள் கொள்வது தவறு. சமன்பாட்டுக்குள் மனிதரைச் சரியாக எழுதவில்லை, அவ்வளவுதான்.

இந்த இரண்டு ஏமாற்றங்களும் சேர்ந்து பிறந்ததுதான் எளிமையாகக் கட்டுவோம் என்ற இயக்கம். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஃப்ளோரியான் நாக்லர் தலைமையில் ஒரு குழு, ஒரே அறையை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட விதங்களில் கணினியில் மாற்றிப் பார்த்தது: சுவர்ப்பொருள், சன்னல் அளவு, கூரை உயரம், திசை எல்லாவற்றையும். பிறகு பவேரியாவின் பாட் ஐப்லிங்கில், முன்பு ராணுவ முகாமாக இருந்த இடத்தில், 2020இல் மூன்று மூன்றுமாடி வீடுகள் எழுந்தன. ஒன்று மரம், ஒன்று செங்கல், ஒன்று கான்கிரீட். மூன்றிலும் சுவர் ஒரே பொருள். மேலே ஒட்டிய காப்புப் பலகை இல்லை. கட்டடம் முழுக்க ஓடும் காற்றோட்ட எந்திரமும் இல்லை, மோட்டார் வைத்த வெயில் மறைப்பும் இல்லை. சன்னலை அளவாக வைத்து, கூரையை உயர்த்தி, சுவரையும் தளத்தையும் கனமாக்கினால் கோடையில் அறை தானாகவே அடங்கி இருக்கும் என்பது ஆய்வின் முடிவு. கனம் ஏன் உதவுகிறது என்பதற்கு ஒரு எண் போதும்: ஒரு கனமீட்டர் கான்கிரீட்டை ஒரு டிகிரி சூடேற்றத் தேவைப்படும் வெப்பம், ஏறத்தாழ 1,900 கனமீட்டர் காற்றை அதே அளவு சூடேற்றும். பகல் வெப்பத்தைத் தளம் விழுங்கும். இரவில் சன்னலைத் திறந்தால் கக்கிவிடும். எந்திரம் செய்த வேலையைப் பொருளின் மந்தகுணம் செய்கிறது. அழகும் இதிலிருந்தே வந்தது. கம்பி போடாத காப்புக் கான்கிரீட் இழுவிசை தாங்காது. எனவே அந்த வீட்டின் சன்னல்கள் அரைவட்ட வளைவாக முடிகின்றன. செங்கல் வீட்டில் தட்டையான வளைவு, மர வீட்டில் நேர்ச் செவ்வகம். மூன்று முகங்களையும் பார்த்தாலே எது எந்தப் பொருள் என்று சொல்லிவிடலாம். ஜெர்மனியின் சமீபக் கட்டடங்களில் இவ்வளவு அடக்கமும் இவ்வளவு தர்க்கமும் சேர்ந்தவை அதிகம் இல்லை.

பாசிவ்ஹவுஸ் தரப்பினர் இதை ஏற்பதில்லை, அவர்கள் ஆட்சேபத்தை எளிதில் தள்ளவும் முடியாது. அரை மீட்டர் தடிமனுள்ள காப்புக் கான்கிரீட் சுவர்கூட யு-மதிப்பில் கிரானிக்‌ஸ்டைன் சுவரைவிட இரண்டு மடங்குக்கு மேல் வெப்பம் விடும். வெப்பப்பரிமாற்றி இல்லாததால் சன்னலைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் வெப்பம் வீணாகும். ஐம்பது குளிர்காலத்துக்குக் கூட்டினால் இது சிறு தொகை இல்லை. எளிமைத் தரப்பு, கட்டும்போதே செலவாகும் ஆற்றலையும், எந்திரத்தை மாற்ற வேண்டிய செலவையும், கடைசியில் இடிக்கும்போது பிரித்தெடுக்க முடியாத ஒட்டுப் பலகைக் குப்பையையும் கணக்கில் சேர்க்கச் சொல்கிறது. என் பார்வையில் இரு தரப்பும் காட்டிக்கொள்ளும் அளவுக்கு விலகி நிற்கவில்லை. சாதாரணக் கான்கிரீட்டின் வெப்பக் கடத்துத்திறன் 2 அளவில் இருக்கும், மரத்துக்கு 0.13, காப்புப் பலகைக்கு 0.035, அசையாத காற்றுக்கு 0.026. பலகைக்குள் இருக்கும் குமிழி, செங்கல்லுக்குள் இருக்கும் பொந்து, காப்புக் கான்கிரீட்டுக்குள் இருக்கும் நுண்துளை, மரத்தின் செல் எல்லாமே காற்றை அசையவிடாமல் பிடித்து வைக்கும் வெவ்வேறு உபாயங்கள். சுவர்தான் முதலில் வேலை செய்ய வேண்டும் என்பதில் ஃபைஸ்டும் நாக்லரும் ஒரே கட்சி. எளிமை என்ற பெயரில் ஒல்லிச் சுவரும் ஓட்டைச் சன்னலும் வைத்துவிட்டு இவர்களைச் சாட்சிக்கு அழைப்பவர்கள்தான் இரு தரப்புக்கும் வெளியே நிற்கிறார்கள்.

சட்டம் இந்த விவாதத்துக்குப் பின்னால் நொண்டிக்கொண்டு வருகிறது. தரநிலைகளில் ஒன்றை விட்டாலும் வீட்டை வாங்கியவர் குறைபாடு என்று வழக்குப் போடலாம் என்பதால், தேவையோ இல்லையோ எல்லாவற்றையும் வைத்துக் கட்டுவதே கட்டுநருக்குப் பாதுகாப்பு. இதைத் தளர்த்தும் மசோதா ஒன்றுக்கு 2024 நவம்பரில் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அதே நாளில் கூட்டணி அரசு உடைந்துபோனது.

இனி, குறித்து வைக்கச் சொன்ன அந்த ஊகம். ஆளுக்கு 30 சதுர மீட்டர் என்பது ஃபைஸ்டின் காலத்து வாழ்க்கைக்குப் பக்கத்தில் இருந்தது: 1991இல் ஜெர்மானியர் ஒருவருக்குச் சராசரி வசிப்பிடம் சுமார் 35 சதுர மீட்டர். இப்போது அது 47ஐத் தாண்டிவிட்டது. முப்பது ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்கு கூடியிருக்கிறது. சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்க்கும் எந்தத் தரநிலைக்கும் இது தெரியாது. ஒற்றை ஆள் வாழும் 150 சதுர மீட்டர் வீடு பாசிவ்ஹவுஸ் சான்றிதழ் வாங்கிவிடும். நால்வர் நெருங்கி வாழும் அறுபது சதுர மீட்டர் பழைய குடியிருப்பு தேர்வில் தோற்கும். ஆளுக்கு எவ்வளவு என்று வகுத்தால் முடிவு மாறலாம். இந்த வகுத்தல் ஜெர்மனிக்குப் புதிதும் அல்ல. 1929இல் பிராங்க்ஃபர்ட்டில் கூடிய நவீனக் கட்டடக் கலைஞர்களின் சர்வதேச மாநாட்டின் பொருளே, ஒரு மனிதர் கண்ணியமாக வாழக் குறைந்தபட்சம் எவ்வளவு இடம் தேவை என்பது. அந்நகரின் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி 1926இல் வடிவமைத்த சமையலறை ஆறரைச் சதுர மீட்டருக்குள் அடங்கியது; ஏறத்தாழ பத்தாயிரம் வீடுகளில் அது பொருத்தப்பட்டது.

அந்தக் கேள்வியை இன்று உட்புற வடிவமைப்பாளர்கள் வேறு கருவியோடு எடுத்திருக்கிறார்கள். போட்ஸ்டாமுக்கு அருகே ஓர் ஏரிக்கரையில், கிழக்கு ஜெர்மனிக் காலத்து உள்ளாடைத் தொழிற்சாலை ஒன்றை ஆர்னோ பிராண்ட்ல்ஹூபர் இடிக்காமல் வீடாகவும் பணியிடமாகவும் மாற்றினார். வெளிச்சுவருக்குக் காப்பு ஒட்ட மறுத்து, நடுவில் அடுப்பும் குளியலறையும் நீராவி அறையும் கொண்ட ஒரு வெப்பமான கருவை வைத்து, அதைச் சுற்றி ஒளி கசியும் பிளாஸ்டிக் திரைகளைத் தொங்கவிட்டார். குளிர்காலத்தில் திரையை இழுத்தால் வீடு சுருங்கும், கோடையில் விரியும். பிரவுன்ஷ்வைக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் குஸ்டாவ் டூசிங்கும் மாக்ஸ் ஹாக்கவும் வடிவமைத்த மாணவர் படிப்பகம் பொதுக் கட்டடத்தில் இதற்குச் சமமான முயற்சி. பத்து சென்டிமீட்டர் சதுரக் குழாய் எஃகை மூன்று மீட்டர் கட்டங்களாகத் திருகிப் பூட்டிய சட்டகம். மேடைகளை இடம் மாற்றலாம், திரை இழுத்து வகுப்பறை ஆக்கலாம், வேண்டாதபோது முழுவதையும் கழற்றி வேறிடத்தில் நிறுத்தலாம். ஐரோப்பாவின் சமகாலக் கட்டடக்கலைக்கான மீஸ் ஃபான் டெர் ரோஹே விருது 2024இல் இதற்குத்தான் கிடைத்தது. இரண்டிலும் ஒரே இடம் பல வேலை பார்க்கிறது. கூடுதல் அறைக்குத் தேவை எழுவதில்லை.

ஏரிக்கரையில் வீடு வைத்திருப்பவருக்குத் திரை போட்டுச் சுருங்குவது விளையாட்டு, வாடகைக் குடித்தனக்காரருக்கு அது தண்டனை என்று ஒருவர் மறுக்கலாம். நியாயமான மறுப்பு. பரப்பு கூடியதற்குப் பேராசை மட்டும் காரணமும் இல்லை. பிள்ளைகள் போன பிறகு பெரிய வீட்டில் தனியே இருக்கும் முதியவர், சிறிய வீட்டுக்கு மாறினால் புது ஒப்பந்தத்தில் பழைய வாடகையைவிட அதிகம் கொடுக்க வேண்டிவரும்; ஆகவே அசையமாட்டார். தனியாக வாழ்பவர்களின் எண்ணிக்கையும் ஏறிக்கொண்டே போகிறது. இதைத் திரைச்சீலையால் தீர்க்க முடியாது. வாடகைச் சட்டமும், ஒரு பெரிய வீட்டை இரண்டாகப் பிரிக்க இடம்கொடுக்கும் தளவமைப்பும் வேண்டும். தளவமைப்பு கட்டடக் கலைஞரின் கையில் இருக்கிறது. குழாய்களும் மாடிப்படியும் பின்னாளில் பிரிக்கத் தோதாக அமைந்துவிட்டால் அதற்கு எந்திரமும் வேண்டாம், பெரிய செலவும் வேண்டாம். ஜெர்மன் கட்டட விதிகள் சுவரின் யு-மதிப்பை இரண்டு தசம இடம் வரை கேட்கின்றன. அந்தச் சுவருக்குள் எத்தனை பேர் வாழப்போகிறார்கள் என்று கேட்பதில்லை. வெப்பக் கணக்கின் அடுத்த திருத்தம் அங்கேதான் வர வேண்டும்.